சந்தனம் வெச்ச துப்பாக்கி

துப்பாக்கியைத் துடைக்காதீங்க, துடைக்காதீங்கன்னு நான் தொண்டை வத்தக் கத்தாத வீடு இந்த ஏழு எமிரேட்லயும் கிடையாது. கேட்டால்தானே! நான் விலை போட வரேன்னு தெரிஞ்சா போதும், பொண்ணு பார்க்க வர்ற மாதிரி முந்தின நாளே உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, வார்னிஷ் அடிச்சு, பளபளன்னு சாத்தி வெச்சிருப்பாங்க. எழுபது எண்பது வருஷமா மரத்துல ஏறின நிறமும், பட்டறைக்காரன் குத்தின முத்திரையும் தூளாப் போய்க் குப்பைக்கூடையில கிடக்கும். பாதி விலை அதோட போச்சு. அப்புறம் "ஏன் மேடம் இவ்வளவு கம்மி?"ன்னு என்கிட்டயே முகத்தைத் தூக்கி வெச்சுக்குவாங்க. வர்ற ஆத்திரத்துக்கு, அந்த வார்னிஷ் டப்பாவை அவங்க தலையிலயே கவுத்தணும் போல இருக்கும்.

என் பேரு உமாராணி. சொந்த ஊர் பாளையங்கோட்டை, குடியிருப்பு ஷார்ஜா. பழைய சாமான்களுக்கு விலை போடுறதுதான் வேலை. அதுலயும் முக்கியமா, சண்டை முடிஞ்சு பட்டாளத்துக்கு வேண்டாம்னு மிச்சமாகி ஊர் ஊரா சிதறிப்போன துப்பாக்கிங்க. நான் ஆபீஸ்ல டைப் அடிக்கத்தான் சேர்ந்தேன். துப்பாக்கி பார்க்கிறவன் ஒருநாள் சொல்லாமக் கொள்ளாமக் கனடாவுக்குக் கிளம்பிட்டான். அவன் எழுதினது எல்லாத்தையும் டைப் அடிச்சவ நான்தானே, "உமா, நீயே போய்ப் பாரு"ன்னுட்டாங்க. போனேன், இன்னைக்கு வரைக்கும் போயிட்டுத்தான் இருக்கேன். என் வீட்டுக்காரர் கௌரிசங்கர் ஓலைவெடிச் சத்தத்துக்கே கதவுக்குப் பின்னாடி நிக்கிற ஆளு. ஊர்ல அவங்க அம்மாகிட்ட இன்னும் நான் டைப்பிஸ்ட்டுன்னுதான் சொல்லி வெச்சிருக்கார்.

நான் பார்க்கிறது பெரும்பாலும் போல்ட் வெச்ச துப்பாக்கி. கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஒரு இரும்புத் தண்டு, அதுக்குப் பக்கவாட்டுல ஒரு குமிழ். குமிழைத் தூக்கிப் பின்னால இழுத்து, முன்னால தள்ளி, கீழே அமுக்கணும். ஒரு குண்டுக்கு ஒரு தடவை. அந்தத் தண்டுக்குப் பேருதான் போல்ட். பட்டறையில ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனியா ஒரு போல்ட்டைப் பொருத்திப் பார்த்து, ரெண்டுலயும் ஒரே நம்பரைக் குத்தி அனுப்புவாங்க. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்த ரெண்டு நம்பரும் ஒத்துப்போனா அதுக்கு ஒரு மதிப்பு. ஒத்துப்போகலைன்னா எவ்வளவு அழகா இருந்தாலும் பாதி மதிப்புதான்.

போன அக்டோபர்ல ஆலியான்னு ஒரு பொண்ணு போன் பண்ணினா. ராஸ் அல் கைமாவுல மலையடிவாரத்துல அவங்க வீடு. அவ வாப்பா அபு ராஷித் வாழ்நாள் பூரா சேர்த்த துப்பாக்கிங்களை, வீட்டோட முன்பக்க ஹாலை ஒரு சின்ன மியூசியமா மாத்தி அதுல வைக்கப் போறாங்களாம். எல்லாத்துக்கும் லைசன்ஸ் இருக்கு. இன்சூரன்ஸ்காரன் விலை கேட்கிறான், வந்து பாருங்கன்னா.

"யாரும் துடைக்கக் கூடாது"ன்னேன், முதல் வார்த்தையா.

"ஐயோ மேடம், பழனியைத் தவிர யாரும் தொடவே மாட்டாங்க"ன்னா. பழனி யாருன்னு எனக்கு அப்பத் தெரியாது. பேரைக் கேட்டதும் சந்தேகம் வந்துட்டுது. நம்ம ஆளுங்களுக்குத் துடைக்கிறதுன்னா எவ்வளவு உற்சாகம்னு எனக்குத் தெரியாதா?

போய் இறங்கினா, விருந்தாளிங்களை உட்கார வைக்கிற மஜ்லிஸ் வாசல்லயே சந்தன வாசம். கல்யாண மண்டபத்துல நுழையிற மாதிரி இருந்துது. அபு ராஷித் எழுபதைத் தாண்டினவர், வெள்ளைத் தாடி, கம்பீரமா உட்கார்ந்திருந்தார். ஆலியா பக்கத்துல. சுவரோரமா நீளமான கண்ணாடி அலமாரி, அதுக்கு முன்னால சட்டை பேன்ட்டுல ஒரு ஒல்லியான மனுஷன், கையில டீ கெட்டில். அவர்தான் பழனிச்சாமி. தாராபுரம் பக்கம். இந்த வீட்டுல டீ போடுறதும், மஜ்லிஸைப் பார்த்துக்கிறதும், துப்பாக்கிங்களுக்கு எண்ணெய் விடுறதும் அவர் வேலை. பதினோரு வருஷமாம். அலமாரிச் சாவி அவர்கிட்டதான் இருக்கும். எங்கேன்னு கேட்டீங்கன்னா, இடுப்புல, அரைஞாண் கயித்துல. ஆலியாவே திறக்கணும்னாலும் அவரைத்தான் கூப்பிடணும். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிச் சட்டையைத் தூக்கிச் சாவியை அவிழ்ப்பார். மீனாம்பாள், அவர் சம்சாரம், அவகிட்ட வீடியோ கால்ல முதல் முதல்ல காட்டினதே அந்தச் சாவியைத்தானாம்.

அலமாரியைத் திறந்தார். ஒவ்வொரு துப்பாக்கியிலயும், கட்டையில ஒண்ணு, குமிழ்ல ஒண்ணுன்னு, மஞ்சளா வட்டமா பொட்டு.

"என்னத்த அண்ணாச்சி இது?"ன்னு போட்டேன் பாருங்க ஒரு சத்தம், அபு ராஷித் கையில உருட்டிட்டு இருந்த தஸ்பீஹ் மணி நின்னுபோச்சு.

"ஆயுத பூசைங்க மேடம்"ன்னார் பழனிச்சாமி, ரொம்பச் சாதாரணமா. "போன வாரமுங்க. நம்ம கிட்ட இருக்கற ஆயுதத்துக்குத்தானுங்களே பூசை? எல்லாத்தையும் வெளிய எடுத்து, போல்ட்டைக் கழட்டி, துணியில தொடச்சு, எண்ணெய் விட்டு, பொட்டு வெச்சனுங்க. குங்குமம் வெக்கலைங்க. அது துரு மாதிரித் தெரியுமுங்க."

"உங்க முதலாளி ஒண்ணும் சொல்லலையா?"

"அவருக்குச் சந்தன வாசம்னா உசுருங்க. வர்ற விருந்தாளிகிட்ட எல்லாம், என்ற துப்பாக்கி அத்தர் போட்ட துப்பாக்கின்னு பீத்திக்குவாருங்க."

அபு ராஷித் என்ன பேசுறோம்னு புரிஞ்ச மாதிரி தலையாட்டி, மூக்கை உறிஞ்சிக் காட்டிச் சிரிச்சார். எனக்கும் சிரிப்பு வந்துட்டுது. கோபத்தை அடக்கிக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். நிஜமாவே மனுஷன் துணியைத் தவிர வேற எதையும் படவிடலை. மரத்தோட நிறம் அப்படியே இருக்கு, முத்திரைங்க அப்படியே இருக்கு. உப்புத்தாள் வாசனையே கிடையாது. "அண்ணாச்சி, உங்க கைக்குத் தங்க வளையல் போடணும்"னு மனசாரச் சொன்னேன். அவர் வெட்கப்பட்டு எனக்கு ரெண்டாவது டீ ஊத்தினார்.

மதியம் வரைக்கும் எல்லாம் ஜோராப் போச்சு. துருக்கித் துப்பாக்கி, ஈரான் துப்பாக்கி, நம்ம வங்காளத்து இஷாப்பூர்ல செஞ்சது ஒண்ணு. அத்தனையிலயும் போல்ட் நம்பரும் உடம்பு நம்பரும் ஒத்துப்போச்சு. பூசைக்காக அத்தனை போல்ட்டையும் கழட்டியும், ஒண்ணுகூட மாறாமத் திருப்பி மாட்டியிருக்கார். எப்படின்னு கேட்டேன். ஒண்ணை முடிச்சு மாட்டின பிறகுதான் அடுத்ததைத் தொடுவாராம். இந்த ஒழுங்கு எங்க ஆபீஸ்ல எவனுக்காவது உண்டா?

கடைசியா அபு ராஷித்தே எழுந்து வந்து ஒண்ணை எடுத்தார், குழந்தையைத் தூக்குற மாதிரி. "உம் அஷர"ன்னார். பத்து குண்டு பிடிக்கிறதால அரபுக்காரங்க லீ என்ஃபீல்டு ரகத் துப்பாக்கிக்கு வெச்ச பேரு அது. பத்தின் அம்மான்னு அர்த்தம். கனடாவுல செஞ்சது. சண்டை முடிஞ்ச பிறகு ஏதோ ஒரு லாஞ்சுல கடல் கடந்து வந்ததை இவரோட வாப்பா வாங்கியிருக்கார். கட்டையில வெள்ளிப் பட்டை கட்டியிருந்துது. ஹால்ல நடு இடம் இதுக்குத்தான்னு ஆலியா ஏற்கெனவே விளக்கு எல்லாம் போட்டு வெச்சிருந்தா. "எல்லாம் ஒரிஜினல். என் வாப்பா கையில இருந்து என் கைக்கு வந்தது. நடுவுல வேற கை படலை"ன்னார்.

கழுத்துப் பக்கம் நம்பர் தெளிவா இருந்துது: 63L4418. போல்ட்டோட குமிழுக்குப் பின்னாலதான் அடுத்த நம்பர் இருக்கணும். அங்கே பார்த்து அப்பியிருக்கார் நம்ம ஆளு, சந்தனத்தை! காய்ஞ்சு நம்பர் குழிக்குள்ள எல்லாம் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்குது. கைப்பையில இருந்து டூத் பிரஷ்ஷை எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மெதுவாத் தேய்ச்சேன். 63L-னு வந்துது. இன்னும் தேய்ச்சேன். கடைசி எண் ஒன்பது.

என் வாய் இருக்கே, அதை எங்கேயாவது அடகு வெச்சுட்டுத்தான் வேலைக்குப் போகணும். "இந்த போல்ட் இந்தத் துப்பாக்கியோடது இல்லை"ன்னு ஹிந்தியில பட்டுன்னு சொல்லிட்டேன்.

அபு ராஷித் முகம் முதல்ல வெளுத்துது, அப்புறம் சிவந்துது. அவர் என்னைப் பார்க்கலை, ஆலியாவைப் பார்க்கலை. நேரா பழனிச்சாமியைப் பார்த்தார்.

"பழனி. யாரு இதைத் தொட்டது?"

"நான்தானுங்க பாபா. பூசைக்குத் தொடச்சனுங்க"ன்னு ஹிந்தியும் தமிழும் கலந்து சொன்னார் பழனிச்சாமி.

"வேற யாரு?"

"வேற யாருமில்லீங்க."

தன் வாயாலேயே தன் தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டார் மனுஷன். அபு ராஷித் அரபியில பொரிஞ்சு தள்ளினார். வாப்பாவோட போல்ட்டை எங்கேயோ வித்துட்டான், இல்ல தொலைச்சுட்டு வேற எதையோ மாட்டி வெச்சுட்டான், அதை மறைக்கத்தான் மேல மஞ்சளைப் பூசியிருக்கான். எனக்கே கேட்கும்போது அது நியாயம் மாதிரி பட்டுது. அந்தச் சந்தனம் வேற இடம் கிடைக்காம நம்பர் மேலயே உட்கார்ந்திருக்கே! ஆலியா மெல்ல, "மேடம், லைசன்ஸ்ல இருக்கிற சாமான் காணோம்னா போலீஸ்ல சொல்லியாகணும்"ன்னா. அவளுக்கும் சொல்ல மனசில்லை, குரல் உள்ளுக்குள்ள போச்சு.

அபு ராஷித் கையை நீட்டினார். "சாவி."

பழனிச்சாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டார். சட்டையைத் தூக்கி அரைஞாண் கயித்துல முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறார், முடிச்சு அவிழ மாட்டேங்குது. கடைசியில பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கயித்தையே அறுத்தார். சாவியை அபு ராஷித் உள்ளங்கையில வெச்சுட்டு, வெளியே போய்ச் சமையல்கட்டு வாசப்படியில உட்கார்ந்துட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். "அண்ணாச்சி, உண்மையைச் சொல்லுங்க. எங்கேயாவது தவறிப்போச்சா?"

"தாயீ, நீங்களுமா கேக்கறீங்க?"ன்னார். கண்ணு ரெண்டும் நிறைஞ்சு நின்னுது. "திருடுனவன் பொட்டு வெப்பானுங்களா? வேலை போனாப் போச்சாதுங்க. மீனாம்பாகிட்ட என்னன்னு சொல்லுவனுங்க? சாவியைப் புடுங்கிட்டாங்கன்னா சொல்லோணும்?"

எனக்கு என் மேலயே அப்படி ஒரு எரிச்சல். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு யோசிச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? நல்ல மனுஷனை நட்டாத்துல விட்டுட்டு ஷார்ஜாவுக்குக் காரேறிப் போயிட முடியுமா? விடுவிடுன்னு உள்ளே போனேன். அபு ராஷித் யாரையோ போன்ல கூப்பிடப் போறார், ஆலியா வேண்டாம்னு கெஞ்சிட்டு இருக்கா. "யாரும் எங்கேயும் போன் பண்ணக் கூடாது. என் வேலை இன்னும் முடியலை"ன்னு அதட்டிட்டு, லேப்டாப்பைத் திறந்து ரெண்டு நம்பரையும் ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா அடிச்சேன்.

63L4418.

63L4419.

அட மூதேவி உமாராணி, கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு உனக்கு!

ஒருத்தன் போல்ட்டைத் தொலைச்சுட்டு வேற வாங்கி மாட்டினா என்ன நம்பர் வரும்? எதுவேணா வரும். லட்சக்கணக்குல செஞ்சு தள்ளின துப்பாக்கி. சந்தையில கைக்கு அகப்படுற போல்ட்டுல சரியா அடுத்த நம்பர் இருக்கிறதுக்கு, லாட்டரி அடிச்சுட்டு அதே நாள்ல புதையலும் எடுக்கணும். இது வெளியில இருந்து வந்ததே இல்லை. பட்டறையில இதுக்குப் பக்கத்துல செஞ்சு, இதோட ஒரே பெட்டியில படுத்துக் கடல் தாண்டி வந்த இன்னொரு துப்பாக்கியோட போல்ட்.

லேப்டாப்பை அபு ராஷித் முன்னால திருப்பினேன். "உங்க வாப்பா அந்த லாஞ்சுல எத்தனை துப்பாக்கி வாங்கினார்? ஒண்ணா, ரெண்டா?"

அவர் தாடியைத் தடவினார், கூரையைப் பார்த்தார். ஆலியாதான் மெதுவாச் சொன்னா. "ரெண்டு. இன்னொண்ணு சைஃப் சாச்சாகிட்ட இருக்கு." அவ ஹிந்தி எல்லாம் டிவி பார்த்துக் கத்துக்கிட்டது, அதனால சித்தப்பாவைச் சாச்சான்னுதான் சொல்லுவா.

"சாச்சா எங்கே இருக்கார்?"

அவ ஜன்னலைக் காட்டினா. ஜன்னலுக்கு வெளியே ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பேரீச்சமரத் தலை தெரிஞ்சுது. அட பாவிகளா, பக்கத்து வீடு!

"எனக்குத் தம்பி கிடையாது"ன்னார் அபு ராஷித்.

"சரி. எனக்கு இருக்காருன்னு வெச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டு போல்ட்டைக் கழட்டித் துணியில சுத்தினேன். "என் கூட யாரு வர்றா?" ஆலியா அவ வாப்பாவை ஒரு பார்வை பார்த்தா, அப்புறம் செருப்பை மாட்டிக்கிட்டா. வாசப்படியில உட்கார்ந்திருந்த பழனிச்சாமியையும் கையைப் பிடிச்சு எழுப்பினேன். "எந்திரிங்க அண்ணாச்சி. உங்க பேரை நான்தான் கெடுத்தேன், நானே நல்லாக்குறேன்."

சைஃப் அண்ணனுக்கு நேர்மாறு. நல்ல தொப்பை, தாடியில மருதாணி நிறம், முற்றம் பூரா மீன்வலை. வாசல்ல ஆலியாவைக் கண்டதும் கையில இருந்த வலையை அப்படியே கீழே போட்டுட்டு எழுந்தார். ஈத் பெருநாளைக்கு மட்டும் திருட்டுத்தனமா வந்துட்டுப் போவாளாம். அவர் மஜ்லிஸ்ல, டிவிக்கு மேல, வெள்ளிப் பட்டை கட்டின அதே மாதிரி ஒரு துப்பாக்கி. மேல தூசி. மீன் வாடை வேற. பழனிச்சாமி தன் கஷ்டத்தை எல்லாம் மறந்துட்டு, "ஐயோ, இத இப்படியா வெப்பாங்க"ன்னு முனகினார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். சைஃப் சிரிச்சார். "என்னோடது மாறவே இல்லை. நான் அதைச் சுவர்ல இருந்து இறக்கியே வருஷக்கணக்காச்சு."

"இறக்குங்க"ன்னேன்.

இறக்கினார். கழுத்து நம்பர் 63L4419. குமிழுக்குப் பின்னால ஊதினேன், தூசி பறந்துது. 63L4418. பழனிச்சாமி எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாப் படிச்சார். படிச்சு முடிச்சுட்டு மூச்சை விட்டார் பாருங்க, அப்பாடான்னு, அது என் நெஞ்சுக்குள்ளேயே இறங்கிச்சு.

"இது எப்ப மாறிச்சு?"ன்னு சைஃப் தன்னையே கேட்டுக்கிட்டார். கேட்டுட்டுச் சிரிப்பை நிறுத்திட்டார். "அந்தக் கல்யாணம்"ன்னார்.

இந்த ஊர்ல கல்யாணத்துல யோலான்னு ஆடுவாங்க. ஆம்பளைங்க வரிசையா நின்னு, துப்பாக்கியைச் சுழட்டி வானத்துக்கு எறிஞ்சு பிடிக்கிறது. சந்தோஷத்துல எவனாவது சுட்டுத் தொலைச்சுடக் கூடாதேன்னு, இவங்க வாப்பா ஒரு சட்டம் வெச்சிருந்தாராம். ஆடுறதுக்கு முன்னால எல்லாரும் போல்ட்டைக் கழட்டி ஒரு பேரீச்சங் கூடையில போடணும். ஆட்டம் முடிஞ்சுதான் திருப்பித் தருவாங்க. பெரியப்பா மகன் கல்யாணத்துல அண்ணனும் தம்பியும் எதிர் எதிரா நின்னு ஆடியிருக்காங்க. அபு ராஷித் எறிஞ்ச துப்பாக்கி பனைமரம் உயரம் போச்சாம். ஊரே அண்ணாந்து பார்த்துதாம். கீழே வரும்போது கையை நழுவித் தரையில தொப்புன்னு விழுந்துது, பொண்ணு வீட்டுக்காரங்க காலடியில.

"எல்லாரும் சும்மா இருந்தாங்க. நான் மட்டும் சிரிச்சுட்டேன்"ன்னார் சைஃப். "அடக்க முடியலை. அண்ணன் அன்னைக்கு ராத்திரியே பேச்சை நிறுத்தினார். அடுத்த மாசம் மதில் எழும்பிச்சு. முதல் ஒரு வருஷம் நினைச்சு நினைச்சுச் சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரலை."

ஆலியா திடீர்னு வாயைப் பொத்திக்கிட்டா. "சாச்சா! அந்தக் கூடையைத் தூக்கிட்டு வந்தது யாரு?"

"யாரு?"

"நான்தான்! ஆறு வயசு எனக்கு. வாப்பா கத்துறார், நீங்க சிரிக்கிறீங்க, எனக்குப் பயம். கையில வந்ததை எடுத்து ஆளுக்கு ஒண்ணாக் குடுத்துட்டு உம்மாகிட்ட ஓடிட்டேன்." கம்பெனி நடத்துற பொண்ணு, காதுவரைக்கும் சிவந்துட்டா. அப்புறம் பழனிச்சாமி பக்கம் திரும்பி ரெண்டு கையையும் கூப்பினா. "பழனி, நான் பண்ணினதுக்கு உன்னைப் பிடிச்சுட்டோம்."

"அய்யோ, உடுங்கம்மணி"ன்னார் பழனிச்சாமி, பதறிப்போய்.

சைஃப் துப்பாக்கியை ஒரு கம்பளியில சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டு, வெறுங்காலோட வாசலைத் தாண்டி நடந்தார். பத்தடி தூரம். இவ்வளவு வருஷமா இந்தப் பத்தடிக்கு வழி தெரியாம ரெண்டு பேரும் கிழவனாகிட்டாங்க.

அபு ராஷித் மஜ்லிஸ் நடுவுல நின்னுட்டு இருந்தார். தம்பி உள்ளே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டார். சைஃப் சலாம் சொன்னார். பதில் சலாம் சொல்லாம இருக்க முடியுமா? சொன்னார், சுவரைப் பார்த்து. சைஃப் கம்பளியை விரிச்சுத் துப்பாக்கியைத் தரையில வெச்சு, "உன் போல்ட்டைத் திருப்பிக் குடுக்க வந்தேன். தெரியாம வெச்சிருந்தேன். வாப்பா மேல சத்தியமா, உன் ஆளு இதைத் தொடலை"ன்னார். ஆலியா கூடைக் கதையைச் சொல்லி முடிச்சா.

"பனைமரம் உயரம் போச்சு"ன்னார் அபு ராஷித் கடைசியில.

"அதைவிடக் கூட"ன்னார் சைஃப். "நான் யார்கிட்ட வேணா சொல்றேன். அதைவிடக் கூட."

அவ்வளவுதான். அண்ணனுக்குத் தோள் குலுங்க ஆரம்பிச்சுது. அழறார்னு நினைச்சு நான் தண்ணி எடுக்கப் போனேன். பார்த்தா சிரிக்கிறார்! அதுக்கப்புறம் அழவும் செஞ்சார். ரெண்டு பேரும் இந்த ஊர் வழக்கப்படி மூக்கோட மூக்கு உரசி, தோளைப் பிடிச்சுக்கிட்டு, அரபியில அவனவன் தப்பை அடுத்தவன் தலையில கட்டிக்கிட்டு, ஒரே ரகளை. நானும் முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். சந்தன நெடின்னு ஆலியாகிட்டப் பொய் சொன்னேன்.

சரி, வேலையை முடிப்போம்னு ரெண்டு துப்பாக்கியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். அடுத்தடுத்த நம்பர்ல ஜோடியா, அதுவும் ஒரே குடும்பத்துல, ரெண்டும் உப்புத்தாள் படாம! இந்தத் தொழில்ல நான் பார்த்ததே இல்லை. போல்ட்டை அதது இடத்துல மாட்டிட்டா, இதுக்கு நான் எழுதப் போற விலையைப் பார்த்து இன்சூரன்ஸ்காரன் நாற்காலியில இருந்து விழணும். கையை நீட்டினேன்.

"விடு"ன்னார் அபு ராஷித்.

"எதை விட?"

"மாத்தாதே. அப்படியே இருக்கட்டும்."

"அபு ராஷித், நம்பர் ஒத்துப்போகலைன்னு எழுத வேண்டி வரும். மதிப்பு பாதியா இறங்கும். தெரியுமா?"

"எழுது." அவர் தம்பியோட தொப்பையைச் சுட்டிக் காட்டினார். "அவன் போல்ட் அவன்கிட்ட போயிட்டா, அவன் வீட்டுல அவன் முழுசா உட்கார்ந்துக்குவான். எனக்கும் எல்லாம் சரியாயிருக்கும். மறுபடி ஏதாவது சண்டை வந்தா? இப்படியே இருந்தா, அவன் இல்லாம என் துப்பாக்கி பூட்டாது, நான் இல்லாம அவனுது பூட்டாது."

சைஃப் தலையாட்டினார். இத்தனை வருஷமா விலை போடுறேன், மதிப்பைக் குறைச்சு எழுதச் சொல்லிச் சந்தோஷமா நிக்கிற ரெண்டு பேரை அன்னைக்குத்தான் பார்த்தேன். பைத்தியங்கன்னு திட்டினேன். திட்டிக்கிட்டே எழுதினேன்.

அப்பத்தான் பார்த்தேன், பழனிச்சாமி அங்கே இல்லை. மறுபடியும் அந்தச் சமையல்கட்டு வாசப்படியில. அபு ராஷித்துக்கும் அப்பத்தான் நினைவு வந்துது. பையில இருந்து சாவியை எடுத்துக்கிட்டு அவரே வெளியே போனார். பின்னாலேயே நாங்க எல்லாரும்.

"பழனி, இந்தா"ன்னு நீட்டினார்.

பழனிச்சாமி எழுந்து நின்னார், ஆனா கையை நீட்டலை. "நீங்களே வெச்சுக்கோங்க பாபா. டீ போடறனுங்க, மஜ்லிஸ் கூட்டறனுங்க. சாவி வேண்டாமுங்க. ஒரு வார்த்தை, என்ன ஆச்சு பழனின்னு கேட்டிருக்கலாமுங்க. நான் என்ன வேத்தாளுங்களா?"

தமிழ் அபு ராஷித்துக்குப் புரிஞ்சுதோ என்னவோ, எனக்குத் தெரியாது. நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். ரெண்டடி முன்னால வந்து, தன்னைவிடக் குட்டையான அந்த மனுஷனோட தலையை ரெண்டு கையாலயும் பிடிச்சு, உச்சந்தலையில முத்தம் வெச்சார். இந்த ஊர்ல மகன் வாப்பாகிட்ட மன்னிப்புக் கேட்கிறது அப்படித்தான். எஜமான் வேலைக்காரனுக்குச் செஞ்சு நான் பார்த்ததில்லை. "ஹக்கக் அலய்யா, பழனி"ன்னார். உனக்கு நான் கடன்பட்டவன், தப்பு என் மேலன்னு அர்த்தம்.

பழனிச்சாமி அழுதார், வாய்விட்டு. அழுதுக்கிட்டே சாவியை வாங்கினார். வாங்கிச் சுவர்ப் பக்கம் திரும்பிச் சட்டையைத் தூக்கினார். அப்புறம் அசடு வழியத் திரும்பினார். "கயித்தை அறுத்துப் போட்டனுங்களே."

ஆலியா ஓடிப் போய், ஹால்ல விளக்குக் கட்ட வெச்சிருந்த சிவப்புக் கயித்துல ஒரு முழம் வெட்டிட்டு வந்தா. அவர் அதை இடுப்புல கட்டி முடிச்சுப் போட்டுட்டு இருக்கும்போது, சைஃப் தன் வீட்டுச் சாவிக்கொத்துல இருந்து ஒண்ணைக் கழட்டி நீட்டினார். "என் துப்பாக்கி இனிமே டிவி மேல இருக்காது. பெட்டி வாங்கப் போறேன். இது மஜ்லிஸ் சாவி. அதையும் நீயே பார்த்துக்கோ. மீன் வாடை போகணும்."

ரெண்டு சாவியும் ஒண்ணோட ஒண்ணு உரசிச் சத்தம் போட்டுது. பழனிச்சாமி ரெண்டு எட்டு நடந்து பார்த்தார், கொலுசு போட்ட குழந்தை மாதிரி. அப்புறம் போனை எடுத்து, நாங்க எல்லாரும் நிக்கிறதையும் பார்க்காம, "மீனாம்பா, இங்க பாரு"ன்னு சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

நான் காருல ஏறும்போது ஜன்னல் பக்கம் வந்து குனிஞ்சார். "மேடம், அடுத்த வருசம் ரெண்டு வீட்டுக்கும் பொட்டு வெக்கோணுமுங்க. ஊருக்குப் போனீங்கன்னா நல்ல சந்தனக்கட்டை ஒண்ணு கொண்டாங்க. இருக்கறது தேஞ்சு போச்சுங்க."

"கொண்டு வரேன் அண்ணாச்சி"ன்னேன். "ஆனா நம்பர் மேல மட்டும் வெச்சீங்க, அந்தக் கட்டையாலேயே உங்க கையை உடைப்பேன்."

"சரிங்க"ன்னார், சாவி குலுங்கச் சிரிச்சுக்கிட்டே.